3,000 ரூபாய்க்குள் எந்த எஸ்எம்பிஎஸ்?

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் பாகம். அதைப் பற்றி நெல்லை, தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதிலோடு தருகிறேன்.

முக்கூடல், கல்லூரி மாணவி: அண்ணாச்சி, அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் கணினி வாங்கப் போகிறோம். கேபினெட்டுடனேயே 450 வாட் எஸ்எம்பிஎஸ் வருகிறது, தனியாக எதற்கு என்று கடைக்காரர் கேட்கிறார். தனியாக வாங்கினால் 3,000 ரூபாய் ஆகுமாம். அந்தச் செலவு தேவையா?

தேவைதான் அம்மா. கடையிலேயே அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். இன்றைய கணினியில் புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட்டிலிருந்துதான். 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கையெல்லாம் சேர்த்து மேலே 450 என்று அச்சடித்திருந்தால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டுமே 35 ஆம்பியர் அளவுக்கு இருக்கும்.

நீங்கள் கேட்கலாம்: என் கணினிக்கு 168 வாட் போதாதா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 65 வாட் புராசஸர் மட்டும் என்றால், மொத்தச் செலவு 150 வாட்டைத் தாண்டுவது அரிது. கணக்குப்படி போதும். ஆனால் மலிவான எஸ்எம்பிஎஸ் பலவற்றில் மின்னழுத்தம் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ உடனே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புச் சுற்றுகள் அரைகுறையாகத்தான் இருக்கும். அது சாகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அம்மாவின் உழைப்பு அப்படிப் போகக் கூடாது. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் இல்லாத சாதாரண கேபினெட்டைக் கேளுங்கள், அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தோடு கோர்சேரின் சிஎக்ஸ், டீப்கூலின் பிகே வரிசை போல 5 ஆண்டு வாரண்டி உள்ள ஒன்றை, 450 வாட்டிலேயே எடுங்கள். 650 வாட் உங்களுக்கு வீண்.

சங்கரன்கோவில், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்: ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போடுகிறேன், புராசஸர் ஐ5-12400. 750 வாட் இல்லாமல் ஓடாது என்கிறார்களே?

ஓடும். கார்டு 170 வாட், புராசஸர் முழு வேகத்தில் 117 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 60 என்று தாராளமாக வைத்தாலும் 350-க்குள் அடங்கும். கார்டைத் தயாரித்த என்விடியாவே 550 வாட் போதும் என்கிறது. தரமான 550 வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கார்டுக்கான 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் இணைப்பான் சில கடைகளில் கிடைக்கும். சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 8 பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் தொழில் உங்களுடையது. அந்த ஒயர் உருகித் தீப்பிடித்தால் அருகில் ஆள் இருக்க மாட்டார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

சேரன்மகாதேவி, ஜெராக்ஸ் கடை: 80 பிளஸ் பிரான்ஸா, 2,000 ரூபாய் கூடக் கொடுத்து கோல்டா?

பிரான்ஸ். 80 பிளஸ் என்பது மின்சிக்கனச் சான்று; பிரான்ஸ், கோல்டு அதன் படிகள். பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் திறன் என்பது அந்தச் சான்றின் கணக்கு. உங்கள் கணினி 150 வாட் எடுத்தால் சுவரிலிருந்து இழுப்பதில் வித்தியாசம் 10 வாட்தான். தினம் 6 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 20 யூனிட் சொச்சம். 2,000 ரூபாயை அதில் திரும்ப எடுக்கவே முடியாது. அதோடு, இந்தச் சான்று மின்சிக்கனத்துக்கு மட்டுமே. பாதுகாப்புச் சுற்றுகளை அது சோதிப்பதில்லை. நம் ஊர் மே மாத வெயிலுக்கு, உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் பாகமான கெப்பாசிட்டர் 105 டிகிரி தாங்குமா என்று கேளுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

வள்ளியூர் அருகே, விவசாயி: பம்புசெட் ஓடினால் வோல்டேஜ் இறங்குகிறது, மகனுடைய கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இப்படித்தான்.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் என்ன என்று பாருங்கள். 200–240 வோல்ட் என்று இருந்தால் அது தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு ஆகாது. 100–240 என்று போட்டதை வாங்குங்கள். அப்படிப்பட்டதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு. மின்சாரம் போன பின் ஒரு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடி. சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிக்கொள்ளாமல் போகலாம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; அதில் போட்டால் வேகமாக மாறும். ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் சற்று இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும். உங்கள் ஊரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே கணினிக்கென்று ஒரு 600 விஏ யுபிஎஸ் தனியாக வைப்பதே நல்லது.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடட்டுமா?

மாற்ற வேண்டாம் சார், புதியதிலும் அப்படியே இருக்கும். பழைய வீடு என்றால் எர்த் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. எர்த் இல்லாதபோது பெட்டியில் பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு ஒயர் பெட்டியில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் பியூஸ் போகாது. தொடுபவர் மேல்தான் பாயும்.

எலக்ட்ரீஷியனை அழைத்து முறையான எர்த் குழி போடச் சொல்லுங்கள். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வையுங்கள். பிளக் பாயிண்டில் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன் எர்த்துக்கே செலவிடுங்கள்.

நெல்லை ஜங்ஷன், மாணவர்: பழைய 600 வாட் எஸ்எம்பிஎஸ் 1,000 ரூபாய்க்கு வருகிறது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து ஓட்டிக் காட்டினார்கள்.

அது ஃபேன் சுற்றுகிறது என்பதை மட்டுமே காட்டும் தம்பி. சுமையைத் தாங்குமா என்று சொல்லாது. பில்லும் கம்பெனி வாரண்டியும் மிச்சம் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உவரி: கடல் காற்றில் துருப்பிடிக்கிறது. நானே திறந்து துடைக்கலாமா?

கூடாது. ஒயரைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வெளியிலிருந்து தூசி ஊதினால் போதும். கணினியைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

தென்காசி: ஒயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் பழுதாகிவிட்டது. அதன் ஒயர்களைப் புதியதில் மாட்டலாமா? பிளக் பொருந்துகிறது.

பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை பொருந்தும் என்று நம்ப முடியாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து இணைப்புக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். புதியதோடு வந்த ஒயர்களை மட்டும் மாட்டுங்கள்.