பதில்: அம்மாவைத் தனியே விட்டு டாக்டரிடம் போக முடியவில்லை
பக்கவாதம் வந்த அம்மாவைத் தனியே விட முடியாததால், உங்கள் முதுகுவலியையும் தலைசுற்றலையும் தள்ளிப்போட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவை அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, முழுநேரமும் பார்த்துக்கொள்வது நீங்கள்தான் என்று சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கேட்காமல் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். அதே நாளில் உங்களுக்கும் நேரம் கேளுங்கள். இல்லையென்றால் போனில் பேச முடியுமா என்று பாருங்கள். வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைத்திருந்தால் அப்போது உதவும். தொடர்ந்து 135/85-ஐத் தாண்டினால் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். வலிமாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்பேன். "எதுன்னாலும் சொல்லு" என்கிற தம்பியிடம் தேதி, நேரம் சொல்லியே கேளுங்கள். முதுகுவலியோடு உங்களுக்குத் தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.