எலுமிச்சைப்புல் எண்ணெய் கலங்கலாகவும் குறைவாகவும் வருவது ஏன்?

ஏற்காட்டில் 50 கிலோ பச்சைப்புல்லை நீராவியில் வடித்தும் 60 மில்லி எண்ணெய்தான் வந்தது, அதுவும் கலங்கலாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கலங்கலுக்குக் காரணம் எண்ணெயில் நுண்துளிகளாகக் கலந்திருக்கும் தண்ணீர்தான், எண்ணெய் கெடவில்லை. ஓர் இரவு அசையாமல் வைத்து அடித்தண்ணீரை இறக்குங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் நீரற்ற சோடியம் சல்பேட் தூளைக் கொஞ்சம் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் தெளிந்துவிடும். தண்ணீர் போகட்டும் என்று அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், எலுமிச்சை வாசனை தரும் சிட்ரால் கெட்டு வாசனையே மாறிவிடும்.

50 கிலோ பச்சைப்புல்லுக்கு 60 மில்லி என்பது குறைவுதான். புல்லின் எடையில் 0.2 சதவீதம் என்று பார்த்தாலும் 100 கிராம் வர வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதை நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். அது காரணமில்லை. நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் குளிர்விப்பான் போதாமல், எண்ணெயோடு வரும் வடிநீர் சூடாக இறங்குகிறது என்றே நினைக்கிறேன். சூட்டில் எண்ணெய் சரியாகப் பிரியாமல் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

இதைச் சோதித்துப் பாருங்கள்: குழாய்முனையில் விழும் நீரைக் கையில் பிடியுங்கள். சுட்டால் குளிர்நீர் ஓட்டத்தைக் கூட்டுங்கள். எண்ணெயைப் பிரித்தபின் வீணாகும் வடிநீரில் ஒரு பாட்டில் பிடித்து மறுநாள் பாருங்கள். மேலே எண்ணெய்ப்படலம் மிதந்தால் விட்ட எண்ணெய் அதுதான். அந்த நீரை அடுத்த முறை புல் வேகும் கொப்பரையிலேயே ஊற்றலாம்.

படலமே இல்லையென்றால் புல்லைத் தளர்வாக அடைத்திருப்பீர்கள், நீராவி இடுக்கு வழியாகத் தப்பியிருக்கும். அப்புறம், இரும்புக் கொப்பரை என்றால் எண்ணெய் கறுக்கும், எவர்சில்வர் நல்லது.