போலந்தின் கிளிவிட்சே வானொலிக் கோபுரத்தை ஏன் மரத்தில் கட்டினார்கள்? இரண்டாம் உலகப் போருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வானொலிக் கோபுரம் என்பது அலைபரப்பும் ஆண்டெனாவை உயரத்தில் நிறுத்தும் தாங்கி. கிளிவிட்சேயில் ஆண்டெனா ஒரு செங்குத்துக் கம்பி. கோபுரத்தின் உள்ளே தொங்கியது. சுற்றிலும் இரும்புச் சட்டம் இருந்திருந்தால் அலையின் பெரும்பகுதியை அதுவே வாங்கித் தரைக்கு இறக்கிவிடும். செல்போனை எவர்சில்வர் டப்பாவில் மூடினால் சிக்னல் விழும், மரப்பெட்டியில் விழாது, அதே கணக்குதான். அதனால் 1935இல் பிசின் நிறைந்த, எளிதில் உளுக்காத லார்ச் மரத்தில் சுமார் 111 மீட்டர் உயரத்துக்குக் கட்டினார்கள். மூட்டுகளில் துருப்பிடிக்காத பித்தளை போல்ட்டுகள், 16,000க்கும் மேல். இன்றும் நிற்கிறது!

கிளிவிட்சே இன்று போலந்திலுள்ள ஊர், அன்று ஜெர்மனியின் கிளைவிட்ஸ். 1939 ஆகஸ்ட் 31 இரவு 8 மணியளவில் ஆல்ஃபிரட் நவ்யோக்ஸ் தலைமையில் நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.எஸ். ஆட்கள் போலந்துக்காரர்களாக நடித்து நிலையத்தைப் பிடித்தார்கள். ஆனால் அது பிரெஸ்லாவ் நகர வானொலியின் நிகழ்ச்சிகளை வாங்கி மறுஒலிபரப்பு செய்யும் இடம். முறையான ஸ்டுடியோ மைக் கிடையாது. இடி மின்னலின்போது அறிவிப்பு சொல்ல வைத்திருந்த மைக்கில்தான் போலிஷ் மொழியில் சில வார்த்தைகள் போயின. முந்தைய நாள் கைது செய்திருந்த, போலந்து ஆதரவாளரான பிரான்சிஷெக் ஹோனியோக்கைக் கொன்று, "தாக்க வந்தவர்" என்று காட்ட அங்கே கிடத்தினார்கள். ஒரு பொய்க்குச் சாட்சியாக ஒரு மனிதரின் உடல். மறுநாள் விடியலில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

இந்தச் சம்பவம்தான் போரை மூட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் படையெடுப்பு முன்பே திட்டமிடப்பட்டது, இது அதற்கு ஜோடித்த சாக்கு.