தமிழில் சுயாதீனப் படம் எடுப்பவருக்கு அரசிடமிருந்து என்ன கிடைக்கிறது? அவருக்காக யார் பேசுகிறார்கள்?

கேட்டவர் முதல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை, நண்பர்கள் பணம். அரசு உதவி உண்டா, நம் தரப்பைச் சொல்ல ஏதாவது சங்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். நானும் அப்படி ஒரு படம் எடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: உதவி உண்டு, ஆனால் படம் முடிந்த பிறகுதான் வரும். உங்களுக்காகப் பேச இன்றைக்கு யாரும் இல்லை. இந்த இரண்டாவது விஷயம்தான் முதல் விஷயத்துக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் பணம். குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான தமிழ்ப் படங்களுக்குத் தமிழ்நாடு அரசு படத்துக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வருகிறது. ஒரு குழு படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். இதெல்லாம் ஒரு தொகையா என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் படத்தின் மொத்தச் செலவே 23 லட்சம். 7 லட்சம் கையில் இருந்திருந்தால் ஒலிக்கலவையையும் கலர் வேலையையும் கடன் இல்லாமல் முடித்திருப்பேன்.

சிக்கல் தொகையில் இல்லை, அது வந்து சேரும் நேரத்தில் இருக்கிறது. நான் வெளியில் 10 லட்சம் கடன் வாங்கினேன், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 20,000. மூன்று வருடம் கழித்து மானியம் வந்தால், 7 லட்சமும் வட்டிக்கே சரியாகிவிடும், அசல் அப்படியே நிற்கும். அரசுப் பணம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு மாநில அரசின் திரைப்பட விருதுகளைப் பாருங்கள். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கான விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுக்கப்பட்டன. பெரிய நிறுவனத்துக்கு விருதும் மானியமும் ஒரு மகிழ்ச்சி, அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்களுக்கு அது அடுத்த படம் உண்டா இல்லையா என்ற கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு மானியம் இருப்பதே என் படம் வெளியாகி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். டப்பிங் ஸ்டூடியோ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தயாரிப்பு மேலாளர் பேச்சுவாக்கில் சொன்னார். திட்டம் இருந்து, அது சேரவேண்டியவன் காதுக்கு வராமல் போனால் அது யாருக்காக இருக்கிறது?

நாங்கள் மானாமதுரைப் பக்கம் 26 நாள் படப்பிடிப்பு நடத்தினோம். கதை ஒரு கிடைக்காரரை, அதாவது வயலில் ஆட்டு மந்தையை அடைத்துப் பிழைப்பவரைப் பற்றியது. கிடை போடும் மனிதர் ஒருவரையே நடிக்க வைத்தோம், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வளர்த்த கிடா ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது, படத்தின் முக்கியமான காட்சியில் வருகிறது. படத்தில் விலங்கு வந்தால் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், பிறகு தடையில்லாச் சான்றும் வேண்டும் என்ற விதி எங்கள் யாருக்கும் தெரியாது. சென்சாருக்குக் காகிதம் தயார் செய்யும்போதுதான் தெரிந்தது. அந்தக் காட்சியை வெட்டிவிட்டோம். விதி தவறு என்று நான் சொல்லவே மாட்டேன், விலங்குகளுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். நம்மிடம் இயக்குநர்தான் மேலாளர், அவரேதான் டிரைவர். என்னென்ன சான்று, எங்கே, எத்தனை நாள் முன்பு என்று ஓரிடத்தில் சொல்லித்தரும் அரசு மேசை ஒன்று இருந்திருந்தால் அந்த நான்கு நிமிடம் படத்தில் இருந்திருக்கும்.

அப்புறம் ரிலீஸ். 11 தியேட்டர், எல்லாம் காலைக் காட்சி. வெள்ளிக்கிழமை ஒரு தியேட்டரில் நானே போய் நின்றேன். நான்கு டிக்கெட் விற்றிருந்தது. மேலாளர் நல்ல மனிதர். "பத்து டிக்கெட்டாவது ஆகணும் தம்பி, இல்லேன்னா ஏ.சி. போட்டா கரண்ட் பில்லுக்கே கட்டாது" என்றார். அவர் சொன்னது நியாயம். நானே ஆறு டிக்கெட் வாங்கினேன், படம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் 11 இடத்திலும் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இது என் படத்தின் தரத்தால் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சரி, என் படத்தை விடுங்கள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருதை வாங்கியது. அந்த ஆண்டே இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. நம் மக்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில், ஓடிடியில். இரண்டரை வருடத்துக்கு மேல். அந்தப் படத்துக்கே இந்த நிலை என்றால், நம் பிரச்சினை படம் எடுப்பதில் மட்டும் இல்லை, திரை கிடைப்பதில் இருக்கிறது.

ஒரு காலத்தில் அரசு தயாரிப்பாளராகவே இருந்தது. எஸ்.கே. பாட்டீல் குழுவின் பரிந்துரைப்படி 1960-இல் ஒன்றிய அரசின் திரைப்பட நிதிக் கழகம் வந்தது, பிறகு அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு, அதாவது என்.எஃப்.டி.சி.யோடு, இணைந்தது. தமிழில் முதன்முதலாகச் சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையை வாங்கிய சேதுமாதவனின் 'மறுபக்கம்' என்.எஃப்.டி.சி. படம். எழுத்தாளர் பூமணி தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டை 'கருவேலம் பூக்கள்' என்று எடுத்ததும் அதே பணத்தில். பாலுமகேந்திராவின் 'சந்தியா ராகம்' தூர்தர்ஷனுக்காக எடுத்தது. ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் என்று தூர்தர்ஷனில் போடுவார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் ஒரு வங்காளப் படத்தை முழுக்கப் பார்த்திருக்கிறேன். எனக்கு சினிமா ஆசை வந்தது அங்கேதான். தியேட்டர் கிடைக்காத படத்துக்கும் அன்று ஒரு திரை இருந்தது, அது அரசின் திரை.

இன்று அந்த இடத்தைக் கேரளாவில் பார்க்கிறேன். அங்கே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 1975-இலேயே வந்துவிட்டது. திருவனந்தபுரம் தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசுக்குச் சொந்தமான தியேட்டர்களே இருக்கின்றன. திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ இருக்கிறது. 2019 முதல் பெண் இயக்குநர்களுக்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை அரசே போட்டுத் தயாரிக்கிறது, அதாவது படம் எடுக்கும் முன்பே. பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் தனியாக உண்டு. ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரெ' அந்தத் திட்டத்தில் வந்த படம். 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று அரசே ஒரு ஓடிடி தொடங்கியது. ஒரு படம் பார்க்க 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு.

1996-இல் தொடங்கிய அவர்களுடைய திரைப்பட விழாவுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு ஏழரைக்கே வரிசை நிற்கும். என் முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர். இயக்குநர் பெயரே தெரியாத ஒரு புதுப் படத்துக்குத்தான் அந்த வரிசை. இப்படி ஒரு கூட்டம் தானாக உருவாகவில்லை. பல ஆண்டுகளாக அரசு விடாமல் போட்ட திரையும், அதற்கு முன்பிருந்தே நல்ல படங்களைக் கூடிப் பார்த்துவந்த ரசிகர்களின் திரைப்படச் சங்கங்களும் சேர்ந்து வளர்த்த கூட்டம் அது.

அங்கேயும் சண்டை உண்டு. 2025 ஆகஸ்டில் திரைப்படக் கொள்கை வகுக்க அரசு ஒரு மாநாடு கூட்டியது. அதில் மூத்த மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், இந்தத் திட்டங்களில் பணம் வாங்கும் இயக்குநர்களுக்கு முதலில் பயிற்சி தர வேண்டும், ஒன்றரைக் கோடி அதிகம் என்று பேசினார். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முதல் படம் எடுக்கும் ஆண்களிடம் யாரும் பயிற்சிச் சான்று கேட்பதில்லை. ஆனால் சண்டை போட அவர்களுக்கு ஒரு அரங்கு இருந்தது, எதிரில் அமைச்சர் இருந்தார். நமக்கு அதுவும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இங்கே அரசு திரைத்துறையைப் பேச அழைத்தால் யார் போகிறார்கள்? தயாரிப்பாளர் சங்கங்கள், தியேட்டர் உரிமையாளர்கள், விநியோகஸ்தர்கள், திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சி. அவர்கள் பேசுவது டிக்கெட் விலை, கேளிக்கை வரி, ஓடிடிக்கு எத்தனை வாரம் கழித்துத் தருவது, தொழிலாளர் சம்பளம். எல்லாம் நியாயமான விஷயங்கள்தான், ஃபெப்சி தொழிலாளியின் கூலிக்காக யாராவது பேசியே ஆக வேண்டும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு படம் எடுப்பவன் அந்தக் கூட்டத்தில் எந்த நாற்காலியிலும் இல்லை. மானியக் குழு எப்போது கூடும், யார் உறுப்பினர், எப்போது முடிவு வரும் என்று கேட்க ஒரு வாய் இல்லை.

அப்படி வாய் இல்லாததால் நாம் இழந்த ஒன்றைச் சொல்கிறேன். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்துக்கு 2011-இல் சென்சார் சான்று மறுக்கப்பட்டது. அவர் டெல்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார், அங்கே படம் தப்பித்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தையே ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. இப்போது சான்று மறுத்தால் உயர் நீதிமன்றம்தான் வழி. வக்கீல் கட்டணம், வாய்தா, எல்லாம் நம் செலவு. 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியபோதும் தீர்ப்பாயம் திரும்பி வரவில்லை. பெரிய படம் என்றால் ஒரு வாரத்தில் மூத்த வக்கீலை நிறுத்திவிடுவார்கள். அடி முழுவதும் நம் மேல்தான் விழுந்தது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. பிரான்ஸில் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தனியாகப் பிடித்து, 1946 முதல் இயங்கும் சி.என்.சி. என்ற அரசு அமைப்பின் வழியாகப் படங்களுக்கே திருப்பி விடுகிறார்கள். ஹாலிவுட் படம் ஓடினாலும் அந்தப் பணம் பிரெஞ்சுப் புதுமுகத்துக்கு வரும். இங்கே டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால்கூடப் போதும். மானியத்தில் பாதியைத் திரைக்கதையும் கணக்கும் பார்த்து முன்பே தரலாம். அப்புறம், திரை. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் அரங்கு இருக்கிறது. வாரம் ஒரு மாலை ஒரு தமிழ்ச் சுயாதீனப் படம் போட்டு, 50 ரூபாய் டிக்கெட் வைத்தால் என்ன? 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடுகிறார்கள். அருமையான திட்டம். அதே பள்ளிகளில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஊர்க்காரர்களுக்கும் படம் காட்டலாம்.

உங்களுக்கு இப்போது செய்யக்கூடியது: எல்லா பில்லையும் பத்திரமாக வையுங்கள். தலைப்பை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். விலங்கு வருகிறதா என்று இன்றே திரைக்கதையைப் புரட்டிப் பாருங்கள். எடிட் ஓரளவு முடிந்ததும் கோவாவில் நடக்கும் படச் சந்தையான ஃபிலிம் பஜாருக்கு (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) அனுப்புங்கள், என்.எஃப்.டி.சி. 2007 முதல் நடத்துவது. முடிந்தால் நம்மைப் போன்ற பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதமாக செய்தித் துறைக்கு எழுதுவோம். நான் கையெழுத்துப் போடத் தயார், உங்கள் பெயரையும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

தியேட்டரை விட்டுப் படம் போன இரண்டு மாதத்தில், படம் எடுத்த ஊரிலேயே பள்ளிக்கூட வளாகத்தில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிட்டோம். தலைமை ஆசிரியர்தான் ஸ்பீக்கர் ஏற்பாடு செய்தார். 200 பேருக்குக் குறையாது. மழைத் தூறலில்கூட எழுந்து போகவில்லை. 11 தியேட்டரிலும் சேர்த்து அத்தனை பேர் பார்க்கவில்லை. படம் முடிந்ததும் கிடைக்காரர் என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நம்ம சுட்டிக் கெடாவக் காணோமே?"