கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் தம்பிக்கு வலிப்பு மாத்திரை தடையில்லாமல் கிடைக்க என்ன செய்வது?

17 வயதுத் தம்பி மதுரை கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு விசாரணையில் உள்ள சிறாரை வைக்கும் இடம்) இருக்கிறான், வலிப்பு மாத்திரை நின்றுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. திடீரென மாத்திரை நின்றால், அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லத்தில் சேர்ந்த முதல் சில நாள்தான் கண்டம்: தூக்கம் கெடும், வேளை தவறும்.

வெறும் மாத்திரையைக் கொண்டுபோனால் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். பெரியாஸ்பத்திரி ஓபி சீட்டு, பிரிக்காத மாத்திரை அட்டை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக வலிப்பு வந்த தேதி எல்லாம் எழுதிய தாள், மூன்றையும் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். நகலை நன்னடத்தை அலுவலரிடமும் கொடுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி ஒவ்வொருவருக்கும் தனி மருத்துவப் பதிவேடு உண்டு. அதில் ஏற்றச் சொல்லுங்கள். இழுத்தடித்தால், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மனுக் கொடுக்கலாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108 என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். (சாவிக்கொத்து வைத்தியம் இன்னும் ஒழியவில்லை!)

போதைப் பழக்கமும் இருந்தால் மறைக்காதீர்கள். குடியை நிறுத்திய முதல் 48 மணி நேரத்தில் அதனாலேயே வலிப்பு வரலாம். விடுதலையாகும் நாளில் மருத்துவப் பதிவு நகலையும் மீதி மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.