தம்பி கார்டில் மகனுக்கு கேமிங் லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல்லில் தையல் பொருள்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மகனுக்குக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக். ஏஐ - டேட்டா சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறான். 90,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப் கேட்கிறான். "ஏஐ படிக்க கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம்மா, இதுன்னா நாலு வருஷமும் தாங்கும்" என்கிறான். நான் 30,000 ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கையில் இருப்பது 65,000. ஜனவரியில் ஹாஸ்டலுக்கு இரண்டாம் தவணை 45,000 கட்ட வேண்டும். லேப்டாப் கடைக்காரர் நோ காஸ்ட் இஎம்ஐ, 12 மாதம், மாதம் 7,500 என்கிறார். எனக்கு கிரெடிட் கார்டு கிடையாது, என் தம்பி தன் கார்டைத் தருகிறான். என் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் கேட்பதும் வேண்டாம், நீங்கள் பார்த்து வைத்திருப்பதும் வேண்டாம். இரண்டு பேரிடமும் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டுதான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் 30,000 ரூபாய் லேப்டாப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2019-ல் என் அலுவலகத்துக்கு 22,000 ரூபாயில் ஒரு லேப்டாப் வாங்கினேன். 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். எக்செல் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை. இப்போது அது பரணில் இருக்கிறது. மிச்சப்படுத்தியதாக நினைத்த பணத்தை, காத்திருந்த நேரமாகத் திருப்பிக் கட்டினேன். 30,000 ரூபாய்க்குள் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் 8 ஜிபி ரேம், அதுவும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். பின்னால் கூட்ட முடியாது. விண்டோஸும் பிரவுசரில் நாலு பக்கமும் திறந்தாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் பையன் எதில் நிரல் எழுதுவது? நான்கு வருடத்துக்கு அது போதாது. இந்த விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரி.

ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் என்கிறானே, அது சரியில்லை. முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல், சி, பைத்தான் என்றுதான் போகும். சியும் பைத்தானும் எழுத கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. மெஷின் லேர்னிங் பாடங்கள் பிறகு வரும்போது கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கிறது; பிரவுசரிலேயே கூகுளின் கிராஃபிக்ஸ் கார்டை இலவசமாகப் பயன்படுத்தலாம், நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. கேகிள் தளத்திலும் வாராவாரம் இப்படி இலவச நேரம் தருகிறார்கள். 90,000 ரூபாய் ரக லேப்டாப்புகளில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050 போன்ற கார்டில் 6 ஜிபி நினைவகம்தான். பெரிய ஏஐ மாடல்களை அதில் வைத்துப் பயிற்சி கொடுக்க முடியாது. அதற்கு மாணவனும் சரி, கம்பெனிக்காரனும் சரி, இணையத்தில் வாடகைக்குத்தான் எடுக்கிறான்.

இதெல்லாம் உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். 17 வயதுப் பையன் கேமிங் லேப்டாப் கேட்பது கேம் ஆடத்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை "படிப்புச் செலவு" என்ற தலைப்பில் எழுதாதீர்கள். விளையாட்டுக்காக 38,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கேட்டால் வீட்டில் நேர்மையாகப் பேசி முடிவெடுக்கலாம். படிப்புக்கு என்று கேட்டால் எந்த அம்மாவும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

38,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான் சொல்லப்போகும் லேப்டாப்பின் விலை சுமார் 52,000. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குல ஐபிஎஸ் திரை, ஒன்றரை கிலோ எடை. பிராசஸர் விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள். ஸ்டிக்கரில் "ரைசன் 5" என்று இருந்தால் மட்டும் போதாது. 7000 வரிசை என்றால் பின்னால் வரும் எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520 என்றால் உள்ளே இருப்பது 2019 காலத்து வடிவமைப்பு, 7530 என்றால் அதற்கு அடுத்த தலைமுறை. பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ரேமை 8 ஜிபியாக வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையும் இப்போது எடுபடாது. ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள்.

இதில் கேம் ஓடாதா என்று பையன் கேட்டால், வேலரண்ட் மாதிரி லேசான கேம்கள் நன்றாகவே ஓடும் என்று சொல்லுங்கள்.

கேமிங் லேப்டாப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல்தான் இருக்கும். சார்ஜர் தனியாக அரை கிலோ அளவுக்கு வரும், பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். பேட்டரி மூன்று நான்கு மணி நேரம் வந்தால் பெரிது. ஆக, காலை வகுப்புக்குப் போகும் பையன் செங்கலையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், வகுப்பில் பிளக் பாயின்ட் உள்ள இடமாகத் தேட வேண்டும். மாதம் ஒரு முறை திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வருவான். இன்னொன்று: ஒரே ஆர்டிஎக்ஸ் 4050 கார்டை ஒரு லேப்டாப்பில் 50 வாட்டிலும் இன்னொன்றில் 100 வாட்டுக்கு மேலும் ஓட விடுவார்கள். வாட் குறைந்தால் வேகமும் குறையும். விலை குறைந்த "கேமிங்" லேப்டாப்புகளில் பெரும்பாலும் வாட்டைக் குறைத்துத்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். திரையையும் மங்கலாகப் போட்டிருப்பார்கள். 90,000 கொடுத்தும் பையன் யூடியூபில் பார்த்த லேப்டாப் கிடைக்காது.

இனி பணத்துக்கு வருவோம். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதில் வட்டி இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ கம்பெனியோ முன்னாலேயே விலையில் தள்ளுபடி காட்டுவார்கள், அவ்வளவுதான். மாதம் 7,500 வீதம் 12 மாதம் கட்டும்போது, வங்கியின் வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 90,000-க்குள் சுமார் 7,340 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 1,320 ரூபாய், அதை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். பிராசஸிங் கட்டணம் ஒரு முந்நூறு ரூபாயும் அதற்கு வரியும் சேரும். ஆக, "நோ காஸ்ட்" என்ற பெயரில் 1,600 ரூபாய்க்கு மேல் போகிறது. இது பெரிய தொகை இல்லைதான். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கும் வாய்ப்பை இழக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய நஷ்டம். நீங்களும் கடைக்காரர்தான். ரொக்கத்துடன் வருகிறவருக்கும் கடனுக்குக் கேட்கிறவருக்கும் ஒரே விலையா சொல்வீர்கள்?

ஜனவரி மாதத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் கேமிங் லேப்டாப்பை இஎம்ஐயில் வாங்குகிறீர்கள், முதல் தவணையும் அந்த மாதமே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை வருமானத்தில் மாதம் 7,500 கட்டிவிடுகிறீர்கள். டிசம்பர் வரை ஐந்து தவணை முடியும். ஜனவரியில் 65,000-லிருந்து ஹாஸ்டலுக்கு 45,000 கட்டினால் கையில் 20,000 இருக்கும், தலைமேல் இன்னும் 52,500 கடன் இருக்கும்.

52,000 லேப்டாப்பை ரொக்கமாக வாங்கினால் கையில் 13,000 மிச்சம். இஎம்ஐக்காக எடுத்து வைத்திருப்பீர்களே அந்த 7,500, அதை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மாதாமாதம் போட்டு வாருங்கள். டிசம்பரில் 37,500. இரண்டும் சேர்ந்து 50,500. ஹாஸ்டல் தவணையைக் கட்டிய பிறகும் 5,500 மிச்சம், கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்குப் பிறகும் அந்த 7,500-ஐ நிறுத்தாமல் போட்டால் ஆடி மாதத்துக்குள் அடுத்த வருடக் கட்டணத்தில் ஒரு பகுதி தயாராக இருக்கும்.

ஏதாவது ஒரு மாதம் கடையில் வியாபாரம் படுத்துவிட்டால்? முதல் வழியில் தம்பியின் கார்டுக்குத் தவணை தவறும். கிரெடிட் கார்டில் பாக்கி நின்றால் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி போடுவார்கள், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். இறங்குவது உங்களுடையது இல்லை, தம்பியுடையது. நாளைக்கு அவர் வீட்டுக் கடனுக்குப் போகும்போது இது வந்து நிற்கும். தவிர, இஎம்ஐ முடியும் வரை அவருடைய கார்டின் வரம்பில் ஒரு பகுதி உங்கள் லேப்டாப்புக்காக முடங்கிக் கிடக்கும். தம்பி முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார். இரண்டாவது வழியில் ஒரு மாதம் போடாவிட்டால் அடுத்த மாதம் சேர்த்துப் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

"நாலு வருஷம் தாங்கும்" என்ற வாதம் பலமானது போலத் தெரியும். நான்காம் வருடம் என்ன தேவைப்படும் என்று முதல் வருடத்தில் நுழையும் பையனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் வருடத்தில் கேம் டெவலப்மென்ட் பக்கமோ அனிமேஷன் பக்கமோ அவன் போகலாம், அப்போது நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டியிருக்கும். அன்றைக்கு வரும் புதிய கார்டு இன்றைய 4050-ஐ விட மேலாக இருக்கும். கையில் சேமிப்பும் இருக்கும், இந்த 52,000 லேப்டாப்பும் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று முடிவானால் அந்தப் பணத்தில் ஏதாவது நல்ல பயிற்சிக்குச் சேரலாம். மகன் பிளெண்டர், அன்ரியல் என்று அனிமேஷன், கேம் உருவாக்கும் மென்பொருள்களில் இப்போதே ஏதாவது செய்துகொண்டிருக்கிறானா? அப்படி அவன் செய்து முடித்த ஒன்றை உங்களிடம் திறந்து காட்ட முடிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதில் மாறும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கும் இந்தப் பதில் அப்படியே பொருந்தாது.

ஜிஎஸ்டி எண் விஷயம். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம், 90,000-க்குள் 13,700 ரூபாய் வரி இருக்கிறது. திரும்பக் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது என்பது தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்குத்தான். கோவை ஹாஸ்டலில் இருக்கும் லேப்டாப் உங்கள் கடைக்கு பில் போடவில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதில் வரவு எடுத்தால், பிறகு அதை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நீங்கள் கம்போசிஷன் முறையில், அதாவது சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதில் யாருக்கும் வரவு கிடையாது. பில்லை மகன் பெயரிலேயே போடுங்கள். வாரண்டிக்கு அலையப்போகிறவன் அவன்தான்.

வாங்குவதற்கு முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. உங்கள் மகனின் கல்லூரி அதில் வருகிறதா, துறையில் என்ன லேப்டாப் எதிர்பார்க்கிறார்கள் என்பதை அங்கே கேட்டால் தெரிந்துவிடும்.

தம்பியின் கார்டு ஒரு விதத்தில் உதவும். கார்டில் முழுத் தொகையையும் தேய்த்தால் உடனடித் தள்ளுபடி தரும் சலுகைகள் அவ்வப்போது வரும். இருந்தால் 52,000-ஐ இஎம்ஐ இல்லாமல் ஒரே தடவையாகத் தேய்த்துவிட்டு, கடை வாசலிலேயே நின்று தம்பியின் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடுங்கள். பில் வர ஒரு மாதம் இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளிக்குச் சரக்கு எடுக்கும் நேரம். கையில் 52,000 இருந்தால் அது நூல்கண்டாகவும் ஜரிகையாகவும் மாறிவிடும்.