சட்டத்தரணி பதில்: என்னைச் சித்திரவதை செய்தவரை லண்டனில் கண்டேன், இனி வழக்குப் போடலாமா?

கேள்வி: 1999இல் வவுனியாவில் ஒரு முகாமில் என்னை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அதை நடத்தியவர் ஆமியோடு சேர்ந்தியங்கிய ஒரு குழுவில் இருந்தவர். அவரைப் போன மாதம் இங்கே ஒரு கோயில் தேரில் கண்டேன். எழுபது தாண்டியிருக்கும், தடி ஊன்றி நடக்கிறார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன கேஸ், கிழவனை விடுங்கோ" என்கிறார் மனைவி. காலம் கடந்துவிட்டதா? அவரை இலங்கைக்கு அனுப்ப முடியுமா?
- வாசகர், ஹரோ

பதில்: காலம் கடக்கவில்லை. இங்கிலாந்தில் பாரதூரமான குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. 1988ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி, எந்த நாட்டவர் எங்கே சித்திரவதை செய்திருந்தாலும் இங்கே விசாரிக்கலாம். உச்ச தண்டனை ஆயுள். அவர் அரச உத்தியோகத்தர் இல்லை என்பதும் தடையில்லை. அதிகாரியின் தூண்டுதலிலோ சம்மதத்திலோ செய்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருவார். ஆப்கான் ஆயுதக்குழுத் தலைவர் சர்தாத், சரோபி வீதித்தடையில் செய்த கொடுமைகளுக்காக 2005இல் லண்டனில் 20 ஆண்டுச் சிறை பெற்றார்.

வயதைப் பற்றி உங்கள் மனைவி சொல்வதை இந்த நாட்டுப் பாராளுமன்றமே விவாதித்திருக்கிறது. நாஜிக் காலக் கொலைகளை விசாரிக்கக் கொண்டுவந்த போர்க் குற்றச் சட்டத்தைப் பிரபுக்கள் சபை இரண்டு தடவை நிராகரித்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு நீதியான விசாரணை நடக்குமா என்பது அவர்களின் கேள்வி. அதையும் மீறி 1991இல் அது சட்டமானது. அதன்கீழ் முதலில் பிடிபட்ட செரபினோவிச்சுக்கு மறதி நோய். 1997இல் ஜூரி அவரை விசாரணைக்குத் தகுதியற்றவர் என்றது, வழக்கு அத்தோடு நின்றது. அடுத்தவர் சவோனியுக், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்தவர். 1942இல் பெலாரஸின் டோமாச்சேவோவில் யூதர்களைச் சுட்டதற்காக 1999இல், 78ஆவது வயதில், ஆயுள் தண்டனை பெற்றார். சிறையிலேயே 2005இல் இறந்தார். ஜூரியை அந்த ஊருக்கே கூட்டிப் போய்க் காட்டினார்கள். சிறுவயதிலிருந்தே அவரை அறிந்த ஒருவரும் சாட்சி சொன்னார்.

ஆகவே தடி ஊன்றுவது பொருட்டல்ல. விசாரணையைப் புரிந்துகொள்ளும் அறிவு அவருக்கும், தெளிவான நினைவு உங்களுக்கும் இருக்கவேண்டும். இரண்டுமே தேய்பவை. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

இன்றைக்கே தனியாக இருந்து எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் அவர் முகத்தைப் பார்த்தீர்கள், அறையில் வெளிச்சம் எப்படி, கண்ணைக் கட்டியிருந்தார்களா, மற்றவர்கள் அவரை என்ன பெயரில் கூப்பிட்டார்கள், கோயிலில் எதை வைத்து அடையாளம் கண்டீர்கள். எழுதி முடிக்கும்வரை முகநூலில் அவர் படத்தைத் தேடாதீர்கள். தேடினால் உங்கள் மனதில் இருப்பது முகாமில் கண்ட முகமா, படத்தில் கண்ட முகமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிய்த்தெடுப்பார். வாட்ஸ்அப் குழுக்களில் போடவே வேண்டாம். அவர் உசாராகிவிடுவார், ஆள் மாறியிருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

அசைலம் கேட்டு வந்திருந்தால், உங்கள் பழைய நேர்காணல் பதிவை ஹோம் ஒபிஸிடம் எழுதிக் கேளுங்கள், கட்டணம் இல்லை. அன்று சொன்னதும் இன்று சொல்வதும் பொருந்தினால் அதைவிடப் பலமான துணைச் சான்று குறைவு. முரண்பாடு இருந்தால் பொலிஸிடம் போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறகு லண்டன் பொலிஸின் போர்க் குற்றப் பிரிவிடம் முறையிடுங்கள். இலங்கை விடயத்தை எடுக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 2000இல் ஊடகவியலாளர் நிமலராஜன் கொல்லப்பட்டது தொடர்பாக 2022இல் இங்கே ஒருவரைக் கைது செய்து விசாரித்தார்கள். கைது தீர்ப்பல்ல, ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரலின் சம்மதம் வேண்டும், வருடக்கணக்கில் இழுபடலாம்.

இலங்கைக்கு அனுப்புவதை நீங்கள் கேட்கமுடியாது, கொழும்பு அரசு கேட்கவேண்டும். அப்போது அவருடைய உடல்நிலையும் ஒரு வாதமாக வரும். உங்களுக்கு உகந்த இடம் இங்குள்ள நீதிமன்றம்தான். தழும்புகளைப் பற்றிய பழைய வைத்திய அறிக்கை இருந்தால் முறையிடப் போகும்போது அதையும் கொண்டு போங்கள்.